மருந்து அடித்த நாள்

1964 ஆவணியில் என் தங்கை ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். முந்தைய இரண்டு கருவும் தங்கவில்லை. ஆகையால் அவள் தட்டில் எது விழுந்தாலும் வீட்டில் ஒரு விசாரணை உண்டு.

அண்ணனுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கிணற்றுத் தோட்டம். பருத்திக்கு வாங்கிய எண்ட்ரின் பூச்சிமருந்தில் மிச்சம் இருந்ததை ஒரு வெள்ளிக்கிழமை கத்தரிக்கும் அடித்துவிட்டார். அடித்தால் பதினைந்து நாள் பறிக்கக் கூடாது என்று கிராம சேவகர் சொல்லியிருந்தார். நான் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எனவே தேதி என் பொறுப்பு. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில், அன்றைய தாளிலேயே, ‘கத்தரிக்கு மருந்து’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். அது எனக்குச் சரியாகவே பட்டது.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், தங்கை ஆசைப்பட்டாள் என்று மதினி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். நறுக்கிய காய் ஒன்றில்கூடப் புழு இல்லையாம். எங்கள் தோட்டத்துக்கு அது வழக்கமில்லை.

“மருந்து அடிச்சு எம்புட்டு நாளாச்சு மதினி?”

“அதான் நீங்க காலண்டர்ல எழுதியிருக்கீகளே.”

போய்ப் பார்த்தேன். அன்றைய ஞாயிறு மேலே இருந்தது. முந்தைய தாள்களை அண்ணன் தினமும் காலையில் கிழித்துவிடுவார்.

“முடிஞ்ச நாளை எதுக்குலே வச்சிருக்கணும்?” என்றார் அண்ணன். “பதினஞ்சு நாள் எப்பவோ ஆயிருச்சு.”

“பத்துதான் இருக்கும்,” என்றார் மதினி.

“ஏலே, காலண்டர் கம்பெனிக்காரன் நீ சொல்லு.”

அச்சகத்தில் அப்போது அடுத்த ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் அதன் கிழமைகளைச் சரிபார்த்ததில், நடப்பு ஆண்டு என் தலையில் நிற்கவில்லை.

சோற்றில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்த தங்கை எழுந்து போய், தன் பெட்டியிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். மருந்து அடித்த மறுநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது அண்ணன் எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து மடித்துக் கொண்டுபோனது.

“இதுல என்னமோ சிவப்பா எழுதியிருக்குண்ணே.”

பிரித்தேன். கிழித்த அந்த வெள்ளிக்கிழமைத் தாள், என் கையெழுத்துதான். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“கழுவிட்டுத்தான வச்சா,” என்றார் அண்ணன். மதினி குழம்புச் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் குழியில் கொட்டி, கோழி கிளறாதபடி மண்ணைத் தள்ளிவிட்டு வந்து ரசம் ஊற்றினார்.

தங்கை ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். “அப்ப காலையில சாத்தூர்ச் சந்தைக்குப் போன ரெண்டு கூடை கத்தரிக்கா?”

“அது போயிருச்சு,” என்றார் அண்ணன்.

“அங்கன மாசமா இருக்கவ ஒருத்தியும் இருக்க மாட்டாளாண்ணே?”

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு சாத்தூர் பஸ்ஸுக்குப் போனார். பொழுது சாய வெறுங்கூடைகள் இரண்டோடு திரும்பி வந்தார். காய் விற்றுப்போயிருந்ததா, வாங்கிக் கொட்டிவிட்டு வந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமைத் தாளில் ‘இன்று முதல் பறிக்கலாம்’ என்று எழுதினேன். அதுவரை அண்ணன் தோட்டத்துக்குள் கூடை கொண்டுபோகவில்லை. ஐப்பசிக் கடைசியில் தங்கைக்குப் பெண் பிறந்தது; எடை, நேரம், கிழமை எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. சாத்தூர் பற்றி அதில் எதுவும் இல்லை.