டைட்டனுக்கு ஷேடு பார்த்தவள்

சனிக் கிரகத்துக்கு டைட்டன் என்று ஒரு நிலா உண்டு. அதன் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் மீத்தேனும் வெயில் பட்டு உடைந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெரிய கரிமச் சேர்மங்களாகி, நிலா முழுவதையும் ஆரஞ்சுப் புகையாக மூடியிருக்கின்றன. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், அந்தப் புகையைக் கண்ணாடிக் குடுவைக்குள் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். வாயுக் கலவையில் மின்பொறி பாய்ச்சினால், உள்ளே வைத்த கண்ணாடித் தகட்டில் பழுப்புப் படலம் படியும்.

நான் அங்கே மூன்று மாதத் தற்காலிக உதவியாளர். அதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. வேதியியல் படித்துவிட்டு ஷூவுக்கு ஜோடி சேர்த்தவள் என்று தெரிந்தால் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று பயம். வீம்பு என்றும் சொல்லலாம்.

மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப இரண்டே நாள் இருந்தது. ஒரே கலவையில் செய்த இரண்டு தகடுகளைப் பேராசிரியை மேசைமேல் வைத்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“மேடம், இது ரெண்டும் ஜோடி சேராது.”

பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னாங்க, கல்யாணப் பொருத்தம் பாக்குறீங்களா?”

“இதுல சிவப்பு ஜாஸ்தி. மீத்தேன் கம்மியா போயிருக்கு.”

பேராசிரியையின் முகம் கடுத்தது. “எனக்கு ஒரே மாதிரிதாம்மா தெரியுது. குழாயெல்லாம் பிரிச்சுப் பாத்து ஒண்ணும் இல்லன்னா, இருக்கற ரெண்டு நாளும் வீணாகி கட்டுரை போச்சு. அப்புறம் உன்ன இங்க வெச்சுக்கச் சொல்லி நான் யார்கிட்டயும் கேக்க முடியாது.”

ஆனாலும், “பாத்துடுங்க மேடம்” என்றேன்.

பார்த்தார்கள். மீத்தேன் சிலிண்டரின் வால்வு பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. மாணவரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

“வெறும் கண்ணுல எப்டி கண்டுபிடிச்ச?” என்றார் பேராசிரியை.

இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

“ஆம்பூர் ஷூ கம்பெனில ரெண்டு வருஷம் ஷேடு செக்கரா இருந்தேன் மேடம். எடது காலும் வலது காலும் ஒரே ஷேடா இருக்கணும். ஒரு பொட்டு நெறம் மாறினாலும் சரக்கு வாங்குற பையர் திருப்பி அனுப்பிடுவான்.”

சொல்லும்போது என் குரல் தாழவில்லை. அந்த வேலையைப் பற்றி அவ்வளவு பெருமையாக அதுவரை நான் பேசியதே இல்லை.

அவர் அலமாரியைத் திறந்து, கட்டுரையில் சேர்த்திருந்த பழைய தகடுகள் அத்தனையையும் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பரப்பினார்.

“எது எதோட சேரும்? நீயே சொல்லு.”

நான்கை ஒதுக்கினேன். ஏன் என்று கேட்காமல், நான்கையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார்.