டைப் கிளாஸில் ஒரு டாங்கோ

நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் செல்போனிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. ஏதோ நடனப் போட்டி. கடலைப் பொட்டலத்தை வாங்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே டாங்கோ நடனப் பாட்டு அதுதான், அதையும் நான் கேட்டது டைப் கிளாஸில்.

அந்தக் காலத்தில் ரயில்வே கேட் பக்கத்து மாடியில் தேவசகாயம் மாஸ்டரின் இன்ஸ்டிட்யூட். மெஷின் எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். விரல்கள் தாளத்தோடு விழவேண்டுமென்று மாஸ்டர் இசைத்தட்டு போடுவார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மாமா பாண்டிச்சேரிக்குக் கொண்டுவந்த தட்டு. எனக்குத் தாளம் வந்தது, எழுத்துதான் வரவில்லை. ‘டியர் சார்’ என்பதை ஓரெழுத்து மாறி ‘டெஃப் சார்’ என்றே அடிப்பேன். காது கேளாத ஐயாவுக்கு எத்தனை விண்ணப்பங்கள்!

பக்கத்து மெஷின் ஜெயராஜுடையது. முகையூர்க்காரன். டைப்பில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தும் மூன்று வருஷமாக வேலையில்லை. அவன்தான் ஒருநாள் பாட்டுக்கு அர்த்தம் கேட்டான்.

“இந்தப் பாட்டு பொறந்தது கப்பலேறிப் பொழைக்க வந்தவங்க ஊருப்பா,” என்றார் மாஸ்டர். “திடீர்னு வேலை எல்லாம் போச்சு. வேலை போனவன் நம்பினவங்க கதவை ஒண்ணொண்ணா தட்டிக்கினு போறான். ஒருத்தனும் தொறக்கல. எங்க மாமா சொன்னாரு.”

ஜெயராஜ் சிரித்தான். “நம்ம கதை மாதிரிதான் கீது சார்.”

அவனும் ஸ்டெல்லாவும் விரும்பினார்கள். ஸ்டெல்லா என் சித்தப்பா மகள். எங்களோடு டைப் படித்தவள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் ஜெயராஜ் என்னிடம் வந்தான்.

“உங்க சித்தப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லுடா. நான் போனா வாசல்லயே நிக்க வெச்சிடுவாரு.”

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பேசறேன்,” என்றேன்.

பேசவில்லை. வேலையில்லாதவன், அதிலும் வேறு சாதித் தெருக்காரன். அவனுக்காகப் பேசினால் என்னையும் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். அடுத்த ஞாயிறு என்றேன். மூன்றாவது ஞாயிறு கோயிலில் ஸ்டெல்லாவின் கல்யாண ஓலையை வாசித்து ஊரறிய அறிவித்துவிட்டார்கள்.

கல்யாணத்தன்று மத்தியானம், பந்தியில் பரிமாறிவிட்டு மனசு கேட்காமல் கிளாஸுக்குப் போனேன். ஜெயராஜ் தாள் சொருகாத மெஷினில் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தான். வெறும் உருளையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மாஸ்டர் அதே தட்டைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டியா?” என்றேன்.

“உன் கையில பிரியாணி வாசனை வருதுடா,” என்றான். படியிறங்கிப் போய் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினான். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. பம்பாய் என்றார்கள். தண்டவாளம் என்றும் சொன்னார்கள். அவன் அம்மா மாதமொரு தரம் முகையூரிலிருந்து பஸ் மாறி என்னைத் தேடி வருவார்.

“எம் புள்ள உனக்கு எதுனா எழுதினானா தம்பி? நீதான அவனுக்கு எல்லாம்.”

“வந்துடுவாம்மா,” என்பேன். நான் என்ன செய்யாமல் விட்டேன் என்பதைச் சொல்ல ஒருமுறைகூட வாய் வரவில்லை.

மாஸ்டர் காலமாகிவிட்டார். மாடியை இடித்துவிட்டார்கள். ஸ்டெல்லா போனில் பேரன் பேத்திகளைப் பற்றி மட்டும் பேசுகிறாள். போன வருஷம் அந்த அம்மாவும் இறந்தார். ஜெயராஜ் எங்கே என்று என்னைக் கேட்க இப்போது ஒருவருமில்லை.