நாளையிலிருந்து வர வேண்டாம்

பட்டுப்புடவை விற்க நாக்கில் கொஞ்சம் தேன் இருந்தால் போதும். புடவைக் கடையில் ஆளை வேலையிலிருந்து நிறுத்த நாக்கில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் மேனேஜராக இருந்தேன். வேலைக்கு எடுப்பது முதலாளி, அனுப்புவது நான். மேனேஜர் நாற்காலியில் நெளிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

டீக்கடை உபசாரம்

முதலில் மாட்டியவர் விற்பனையாளர் சேகர். கல்யாணப் பெண்ணிடமே, "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். ஒருநாள் போளூரிலிருந்து வந்த குடும்பம் மொத்தமும் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டது. "அனுப்பிடு" என்றார் முதலாளி.

பக்குவமாகச் சொல்ல சேகரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். வியாபாரம் டல், காலம் சரியில்லை, மனுஷனுக்கு மாற்றம் நல்லது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். டீ ஆறிப்போனது. சேகருக்குக் கண் கலங்கியது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களையா சார் நிறுத்திட்டாங்க? பேஜாராவாதீங்க, செய்யார் கம்பெனில என் மச்சான் வேலை செய்துகினு இருக்கான், சொல்லி வெக்கிறேன்."

நடுரோட்டு வீரம்

அதற்கப்புறம் எதையும் பட்டென்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். டிரைவர் தனபால் ஒரு கையில் செல்போன், ஒரு கையில் ஸ்டீயரிங் என்று வந்தவாசிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கரும்பு டிராக்டரில் மோதாமல் மயிரிழையில் தப்பினோம். "இன்னையோட உனக்கு வேலை இல்ல!" என்று கத்தினேன். வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டினார், சாவியை என் மடியில் வைத்தார், இறங்கிப் போய் புளியமரத்தடியில் பீடி பற்றவைத்தார்.

பின்சீட்டில் மறுநாள் முகூர்த்தத்துக்கான புடவைகள். எனக்கு சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. கொஞ்ச நேரம் மானத்தோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு மரத்தடிக்குப் போய்க் கெஞ்சினேன். தனபால் நிதானமாகப் புகை விட்டார்.

"ஊர் போய்ச் சேர்ந்தப்புறம் தூக்கணும் சார், நடுரோட்ல யாராவது டிரைவரைத் தூக்குவாங்களா?"

ஒரே குடும்பம்

கடையோடு முதலாளிக்கு ஒரு விசைத்தறிக் கொட்டகையும் இருந்தது, அதை மூடினார். நூல் சுற்றும் பெண்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். யார்மேலும் தப்பில்லை, அதனாலேயே வார்த்தை வரவில்லை. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்து உருக்கமாகப் பேசினேன். யாரும் அழவில்லை. எனக்குத்தான் கைக்குட்டை தேவைப்பட்டது. தினமும் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் அஞ்சலை, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"குடும்பம்னு சொல்றீங்க, அப்ப நாளைக்கு மத்தியானம் சோத்துக்கு உங்க வூட்டுக்கு வந்துடட்டுங்களா?"

காபியோடு வந்தது

முதலாளியின் மகன் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தார். சில மாதம் கழித்து முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். காபி வரவழைத்தார். மின்விசிறியைப் பார்த்தார். என் பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். விஷயம் புரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயாலேயே வரட்டும் என்று அசையாமல் இருந்தேன். வேர்வையைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் சொன்னார்:

"எனக்கு இதெல்லாம் சொல்லிப் பழக்கமில்லப்பா, நீதான் நல்லா சொல்லுவே, நீயே உனக்குச் சொல்லிக்கோயேன்."

ஆளை நிறுத்த மனசு நோகாத வழி உண்டா என்று கேட்கும் மேனேஜர்களுக்கு என் பதில்: உண்டு, நீங்கள் முதலாளியாக இருக்க வேண்டும்.