வாசலில் இல்லாத செருப்புகள்

பெரம்பலூரில் அந்த வீட்டுக்கு நான் சமையல்காரி. ஆண்மேல் ஆசை வைத்தான் என்று பெற்றவர்கள் விரட்டிவிட்ட பையன்கள் சேர்ந்து தங்கியிருந்த வீடு அது. எல்லாரும் பதினெட்டைத் தாண்டியவர்கள். திருச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா வாடகைக்கு எடுத்து நடத்தினார். விடுதி என்று பதிவு செய்ய ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "கோர்ட்டு குத்தமில்லன்னு சொல்லலாம். அதுக்காக இவனுங்களுக்கு ஹாஸ்டல் கொடுக்கணுமா? நாளைக்கு ஊருக்கு யாரு பதில் சொல்றது?" என்று மனுவைத் திருப்பிவிட்டார்களாம். அதனால் தெருவில் பாலிடெக்னிக் பையன்கள் என்று சொல்லி வைத்திருந்தோம்.

எனக்கு யாரிடமும் வாய் திறந்து பேச வராது. அதிகாரி என்றால் கேட்கவே வேண்டாம்.

பையன்களில் ஒருவனுக்கு உடையார்பாளையம் பக்கம். முந்திரிக்கொல்லையில் வைத்து அவன் அப்பா அரிவாளை ஓங்கியிருக்கிறார். மகன் இருக்கும் இடம் தெரிந்தால் வந்துவிடுவார். சாப்பிடும்போதும் அவன் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான்.

அந்த அம்மா திருச்சிக்குப் போயிருந்த ஒரு நாள் காலையில், அனுமதியில்லாத விடுதிகளைத் தேடிவரும் அதிகாரிகளின் ஜீப் எங்கள் தெருவிலேயே நின்றது. பையன்களைப் பின்னறைக்கு அனுப்பினேன். வாசலில் கிடந்த செருப்புகளை அள்ளி வெங்காயக் கூடையில் போட்டு உள்ளே தள்ளினேன்.

"உள்ள யாரும்மா இருக்கா?"

"நான் மட்டுந்தாங்க. வேற யாருமில்ல."

அதிகாரி தரையைப் பார்த்தார். "செருப்பு எங்க? ஒத்த ஆளுன்னாலும் ஒரு ஜோடி கிடக்குமே."

கூட வந்தவர் சிரித்தார். "வூட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு நடக்குற பெரிய எடம் போல சார்."

அவசரத்தில் என் செருப்பையும் சேர்த்து அள்ளியிருந்தேன்.

பின்னறைக் கதவைத் திறந்து எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். "ஒவ்வொருத்தனா அப்பா நம்பரச் சொல்லு. வந்து கூட்டிட்டுப் போகட்டும். வூடு இன்னியோட காலி."

உடையார்பாளையத்துப் பையனின் முறை வந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

"அவன் என் அக்கா மகன் சார்," என்றேன். "அப்பா இல்ல. என்கூட எங்க ஊரு எறையூருக்கு வந்துடுவான்."

"அப்புறம் ஏன் மொதல்ல யாருமில்லன்ன?"

"பயந்துட்டேன் சார்."

அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதனால்தானோ என்னவோ நம்பினார்.

மற்ற பையன்களின் அப்பாக்கள் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்கள். ஒருவரும் மகனிடம் பேசவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையன்களைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

இவன் எறையூரில் என்னுடன்தான் இருக்கிறான். யாரும் இல்லாதபோதும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறான். வாசலில் என் செருப்பை ஒட்டி அவனுடைய பெரிய செருப்பு கிடக்கும். ஒரு கரும்பு லாரி நின்றால்கூட என் கை அந்தச் செருப்பை எடுக்கப் போகிறது. எடுக்காதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அக்கா மகன் தங்கியிருக்கும் வீட்டில் செருப்பு வெளியேதான் கிடக்க வேண்டும்.