சின்னத்துரைக்கு நான் சூட்டிய பட்டம்

கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு மான் கொம்பு முறிந்து என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

நான் வேலை பார்த்தது இலங்கையில் கலவானைப் பக்கத்து ரப்பர் தோட்டம். எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமம். அம்மை நோய் வராதிருக்க, அங்கே பத்தினித் தெய்வத்துக்கு, அதாவது நம் கண்ணகிக்கு, ‘அங்கெலிய’ என்ற கொம்பிழு விழா எடுப்பார்கள். ஊர் இரண்டு கட்சியாகும். இரு கட்சியின் மான் கொம்புகளையும் ஒன்றோடொன்று மாட்டி, ஒன்றை மரத்தில் கட்டி, மற்றதைக் கயிறு போட்டு இழுப்பார்கள். கொம்பு முறிந்த கட்சி தோற்றது. ஜெயித்தவர்கள் அவர்களை வாய்க்கு வந்தபடி வையலாம். தோற்றவன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் பூசை வீண்.

சீமையிலிருந்து தோட்டத்து உதவி நிர்வாகியாகப் புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை அதைப் பார்க்க ஆசைப்பட்டார். அவருக்குத் தமிழ் அரைகுறை, சிங்களம் சுத்தமாக இல்லை. மொழிபெயர்க்க என்னை இழுத்துப் போனார். போனவர் சும்மா நிற்கவில்லை. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒரு கட்சியோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார்.

படீரென்று முறிந்தது அவர் கட்சிக் கொம்புதான்.

ஜெயித்த கூட்டம் அவரைச் சுற்றி ஆடியது. “நாக்கி பூருவா! நாக்கி பூருவா!” கிழட்டுக் கழுதை என்று அர்த்தம்.

“கணக்கப்பிள்ளை, என்ன சொல்றான்?”

உண்மையைச் சொன்னால் அவர் கை நீட்டுவார், ஊர் அவரைப் புரட்டி எடுக்கும், வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கிழித்து என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

“பெரிய பலசாலின்னு சொல்றாங்க தொரை.”

அவர் முகம் மலர்ந்து, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஊர்த் தலைவரான ஆரச்சி என் காதில், “இப்பிடிக் கோவமே வராத ஆளை நாங்க பாத்ததில்லை. இந்த வருசம் அம்மை வராது” என்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொழிலாளர் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். என் பொறுப்பிலிருந்த மலையில் ரப்பர் பால் நிறைய வந்திருந்ததில் சின்னத்துரைக்குப் பரம சந்தோஷம். என் தோளைத் தட்டி, “வெரி குட்! நீ நாக்கி பூருவா!” என்றார்.

சிங்களம் தெரியாதவர் அங்கே அவர் ஒருவர்தான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“எல்லாரும் சொல்லு!” என்றார். ஆசையோடு சொன்னார்கள், மூன்று தடவை.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, துரைக்குப் பொய்யாக மொழிபெயர்க்க நேர்ந்தால், உங்களுக்கும் பொறுக்கக்கூடிய வார்த்தையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தோற்றவன் கோபப்படக் கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு, “சலாம் தொரை” என்றேன்.