நாற்பத்தோரு கையெழுத்துகள்

என் மருமகள் மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட மூலையைத் தொடவே மாட்டாள். பத்து மாத்திரை அட்டையில் மூன்று கேட்டால் எதிர்மூலையிலிருந்துதான் கத்தரிக்கோல் நுழையும். கடைசி மாத்திரை விற்கும்வரை தேதி அட்டையோடு இருக்கும். காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் அவள் ஆறு வருடம் வேலை பார்த்தாள். நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் நாட்களில் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கத்தரிக்கோலைக் கவனித்துக்கொண்டிருப்பேன். ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டுப் பேர் வந்துபோனதை ஒருமுறை எண்ணியிருக்கிறேன். அதில் ஒருவர் மண்டபத்தூரிலிருந்து வந்த மீனவர், என் வயதுதான் இருக்கும். இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு சீட்டுகளை நீட்டினார். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பெரியவரே, ரெண்டும் ஒரே மாத்திரைதான், கம்பெனிப் பேருதான் வேற. சேத்துப் போட்டீங்கன்னா படகுல ஏறுறப்பவே தலை சுத்தி விழுந்துருவீங்க" என்றாள். "விழுந்தா நீந்திக்கிறேன் தாயி" என்றார் அவர். "மயக்கத்துல நீந்துனா எலங்கையிலதான் போய் முழிப்பீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் அவளுடைய மாமனார் என்பதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வுபெற்றவன். ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் பின்னால் நடந்ததற்கு எனக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

பேரன் பிறந்ததும் அவள் வேலையை விட்டாள். அவளுடைய பதிவுச் சான்றிதழ் எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தது. அந்தச் சமயத்தில் நெரவியில் மருந்துக்கடை வைத்திருந்த என் சிநேகிதர் வீட்டுக்கு வந்தார். பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவருடைய சான்றிதழ் சுவரில் தொங்காமல் மருந்துக்கடை நடத்த முடியாது. அவர் கடையில் பெயர் கொடுத்திருந்தவர் வெளியூர் போய்விட்டார். சுவரில் ஒருவர் பெயரும் மேசைக்குப் பின்னால் வேறொருவரும் இருப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் உறுத்தாத ஏற்பாடு. சிநேகிதர் காப்பியைக் குடித்துக்கொண்டே, "பீரோவுல தூங்குற சர்ட்டிபிகேட்டு என் கடைச் செவத்துல தூங்கட்டுமே அண்ணே. ஒங்க சர்க்கரை மாத்திரை மாசாமாசம் வீட்டுக்கே வந்துரும்" என்றார். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள். "நான் நிக்காத கடையில எம் பேரு எதுக்கு மாமா?" என்று என்னிடம்தான் கேட்டாள். "ஊரு ஒலகத்துல எல்லாரும் செய்யறதுதானம்மா" என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. என் முகத்துக்காகத்தான் பேசவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். மாதம் அறுபது மாத்திரை வந்தது. ஒவ்வொரு முறையும் நான் எண்ணித்தான் வாங்கினேன், ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

பிறகு மகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. அங்கே தானும் மருந்தாளுநராக உரிமம் வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. சோறு வேகும் நேரத்தில்கூட அடுப்படியில் புத்தகம் விரிந்திருக்கும். புறப்படுவதற்கு முன் மூன்று முறை என்னிடம் சொன்னாள். பெட்டி கட்டும்போது ஒருமுறை, வாசலில் காரில் ஏறும்போது ஒருமுறை, சென்னை விமான நிலையத்திலிருந்து போனில் ஒருமுறை: "மாமா, கடையிலேருந்து என் சர்ட்டிபிகேட்ட மறக்காம எறக்கிருங்க." நான் மறக்கவில்லை. இரண்டு முறை கடைக்குப் போனேன். "ஒரே ஒரு மாசம் அண்ணே, அடுத்த ஆளு வந்துருவாப்ல" என்றார் சிநேகிதர். சொல்லிக்கொண்டே மாத்திரை உறையை என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு மாதம் தாண்டிப் பதினோராவது நாள் மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்தார். மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்றிருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் மருந்தாளுநர் தினமும் வந்ததாகக் கையெழுத்து இருந்தது. கடையில் இருந்த விற்பனையாளர் போட்டது. அவள் விமானம் ஏறிய பிறகும் நாற்பத்தோரு நாள் அவள் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விசாரணை அறிவிப்பு, பதிவேட்டுப் பக்கங்களின் நகலோடு, அவள் பெயருக்கு எங்கள் வீட்டு விலாசத்தில் வந்தது. நான் அதைப் படித்தேன், மடித்துப் பீரோவில் வைத்தேன். அவள் அங்கே கைக்குழந்தையோடு படித்துக்கொண்டிருக்கிறாள், எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோப்புகள் தூங்கிப்போவதை வேலைக்காலத்தில் பார்த்தவன், இதுவும் தூங்கிவிடும் என்று நம்பினேன்.

எட்டு மாதம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த எட்டு மாதத்தில் ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறினாள். கேட்ட பதினோரு ஆவணங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பத்து போய்ச் சேர்ந்தன. பதினோராவது, அவள் மேல் புகார் எதுவும் இல்லை என்று இங்கே அவளை மருந்தாளுநராகப் பதிவு செய்த அலுவலகம் நேரடியாக அங்கே அனுப்ப வேண்டிய கடிதம். அலுவலகம் உள்ளதை எழுதி அனுப்பியது: வருகைப் பதிவேட்டுக் கையெழுத்துகள் குறித்து விசாரணை நிலுவையில் உள்ளது. விசாரணை முடியும்வரை விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியாது என்று கனடாவிலிருந்து அவளுக்குப் பதில் வந்தது.

அன்று காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருக்கலாம்.

"எத்தனை நாள் கையெழுத்து மாமா?"

"நாப்பத்தொண்ணும்மா."

"எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி, "அம்புட்டையும் எண்ணத் தெரிஞ்ச மனுசனுக்கு செவத்துல தொங்குன ஒண்ணே ஒண்ண எறக்கத் தெரியல" என்றாள்.

புதுச்சேரிக்குப் பஸ் ஏறி ஏழு முறை அந்த அலுவலகத்துக்குப் போனேன். தவறு என்னுடையது என்று நான்கு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையான ஆள். உட்காரச் சொல்லித்தான் பேசினார். "ஐயா, நீங்க எழுதிக் குடுத்து ஆகாதுங்க. பதிவு அவங்க பேருல இருக்கு, அவங்கதான் நேர்ல வரணும்" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவளால் வர முடியவில்லை. முதலில் அங்கே தங்கும் அனுமதி புதுப்பிப்பில் இருந்தது, வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியுமா என்று பயம். அனுமதி கிடைத்தபோது ஆங்கிலத் தேர்வு முடிவின் இரண்டு வருட ஆயுள் முடிந்துவிட்டது. மறுபடி எழுதப் பணம் கட்டுகிறேன் என்று மகன் சொன்னதற்கு, "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாளாம். புத்தகங்களை யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

இப்போது அவள் அங்கே ஒரு மருந்துக்கடையிலேயே வேலை பார்க்கிறாள். மருந்துகள் இருக்கும் பக்கம் அல்ல. முன்பக்க அலமாரிகளில் ஷாம்புவும் பல்துலக்கியும் அடுக்குகிறாள். யாராவது மருந்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக் கூடாது, உள்ளே இருக்கும் மருந்தாளுநரைக் காட்ட வேண்டும். அதை மகன்தான் சொன்னான்.

போன வாரம் எனக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பழையதோடு சேர்த்துப் போடலாமா என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை பேரன் வீடியோவில் பேசி முடித்ததும், அவளிடம் இரண்டின் பெயரையும் படித்துக் காட்டினேன். அவள் முகம் ஒரு நொடி அந்தப் பழைய முகமாக ஆனது. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"டாக்டர்ட்டயே கேட்டுக்குங்க மாமா. நான் சொல்லக் கூடாது."

"எனக்குத்தானேம்மா, வீட்டு ஆளுக்கு."

"யாருக்குமே" என்றாள்.