நான் பிய்த்த டோக்கன்

ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு பௌர்ணமி நாள் மாலை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் செருப்பு, பை பாதுகாக்கும் கடை போட்டிருந்தோம். மலை சுற்றுகிறவர்கள் சாமானை எங்களிடம் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பார்கள். ஓர் அட்டை டோக்கனில் எண்ணை இரண்டு தடவை எழுதி, பாதியைக் கிழித்து அவர்களிடம் கொடுப்போம். மறுபாதியைப் பச்சை நைலான் கயிற்றில் கோத்துப் பையில் கட்டுவோம். கட்டுவது எப்போதும் நான்தான். இரட்டை முடிச்சு.

அன்று போலீஸ் வந்து ஒரு கறுப்புப் பையைத் திறந்தார்கள். உள்ளே கஞ்சாப் பொட்டலங்கள். யாரோ ஓர் ஆள் விட்டுப் போன பை. அவன் திரும்பி வரவே இல்லை. என் கணவரை ஓரமாக நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. டோக்கன் இருந்தால்தானே எங்கள் கடைப் பை என்று ஆகும், இல்லாவிட்டால் எவனோ வீசிவிட்டுப் போனது என்று விட்டுவிடுவார்கள் என நினைத்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் அட்டையைப் பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி நான்!

அதுவே வினையாக முடிந்தது. மற்ற பைகளில் எல்லாம் டோக்கன் இருக்கிறது, இதில் மட்டும் இல்லை. ஆகவே இது கடைக்காரரின் சொந்தப் பை என்றார்கள். டோக்கன் கட்டியதாக என் கணவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பத்து வருடம் தண்டனை. தீர்ப்பைக் கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கே என்னையும் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று அவ்வளவு பயம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தோம். வக்கீலம்மா வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, இந்தப் பைக்கு மட்டும் டோக்கன் ஏன் இல்லை என்று கேட்டார்.

"நான்தாங்க பிச்சேன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இதை எழுதிக் கொடுத்தால் என் மேலும் வழக்கு வரலாம், எங்கள் இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்.

முதலில் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று வேலூர் சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போய் நின்றவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.  திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கயிறயும் அவுத்துட்டியா?"

"இல்லீங்க. முடிச்சு அவுக்க நேரமில்ல."

வழக்குக் கட்டில், போலீஸ் அன்று கடையில் எடுத்த போட்டோ இருந்தது; வக்கீலம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். கறுப்புப் பையின் கைப்பிடியில் பச்சைக் கயிறு, அதில் கிழிந்த அட்டையின் நகத்தளவு துண்டு. பின்னால் இருந்த பைகளிலும் அதே கயிறு, அதே முடிச்சு. இதிலும் டோக்கன் கட்டியிருந்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. அன்றே என் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.  எட்டு மாதம் கழித்துத் தண்டனையை ரத்து செய்தார்கள்.

என் கணவர் இன்றுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. பௌர்ணமிக்கு இப்போதும் கடை போடுகிறோம். பயத்தில் டோக்கனைப் பிய்த்தது ஒரு நிமிடத் தப்பு. ஆனால் அதை நான் மறைத்து வைத்திருந்த ஒவ்வொரு நாளையும் அவர்தான் சிறையில் கழித்தார் என்பது, முடிச்சுப் போடும்போதெல்லாம் என் விரல்களுக்கு நினைவு வருகிறது.